குதிகாலில் ஒரு பூட்டு

“டிஃப் லொக் இல்லாத வண்டி மலைக்கு ஆகாது.”

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்புத்தளையில் ஒரு தேநீர்க் கடையில் வைத்து நண்பர் ஒருவர் சொன்னது. கொழும்பிலிருந்து பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளியே மூடுபனி இறங்கி, எதிரே நிறுத்தியிருந்த அவருடைய வண்டியில் பாதிதான் தெரிந்தது. உளுந்து வடையைப் பிய்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கும் போய்விட்டார். எனக்குத்தான் அது செருப்புக்குள் போன கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. டிஃப் என்றால் டிஃபரென்ஷியல், சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கரக் கூட்டு; லொக் அதற்குப் போடும் பூட்டு. எங்கள் வீட்டு டபள் கேப்பில் லொக் கிடையாது. இருபது வருடமாக அதில்தான் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து லீக்ஸ், கோவா, கரட் எல்லாம் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகின்றன. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்காவது நடுராத்திரியில் வலி எடுத்தால் தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டிதான். மலைக்கு ஆகாத வண்டி இருபது வருடம் மலையில் எப்படி ஓடியது? இல்லை, ஆபத்து விளங்காமல் நான்தான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தேனா? இதற்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் பிடித்தது.

முதலில் எங்கள் ரோட்டைச் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஆறு கிலோமீட்டர். பாட்டன் பூட்டன் காலத்தில் கையால் கல் அடுக்கிப் போட்ட ரோடு. அன்றைக்கு அதில் போனவை மாட்டு வண்டிகள். ஒரு பக்கம் மலைச்சுவர், அதன் அடியில் கான், மழைத்தண்ணீர் ஓடும் வாய்க்கால். மறுபக்கம் தேயிலை, அதற்கப்புறம் பள்ளம். நாலாவது கிலோமீட்டரில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், மேலே மலையிலிருந்து இறங்கும் கான் ஒன்று ரோட்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு காலத்தில் அது ரோட்டுக்கு அடியில் குழாய்க்குள் ஓடியது. குழாய் உடைந்து மண் இறங்கிப்போக, தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. ஒரு குழாய் போட்டுத் தாருங்கள் என்று கேட்க வேண்டிய இடங்களிலெல்லாம் கேட்டாயிற்று, எழுதியும் கொடுத்தாயிற்று. வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், போய்விட்டார்கள்.

கானை நேராகக் கடக்க முடிந்தால் ஒரு தொல்லையும் இல்லை. முன் டயர் இரண்டும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறும், பின்னால் இரண்டும் அப்படியே. ஆனால் வளைவு பக்கத்திலேயே இருப்பதால் வண்டியைத் திருப்பி நேராக்க இடம் போதாது. சாய்வாகத்தான் இறங்க வேண்டும். முன் இடது டயர் கானுக்குள் தொங்கும்போது பின் வலது டயர் தரையை விட்டுத் தூக்கிவிடும். கால் ஒட்டாத நாற்காலி மூலைக்கு மூலை ஆடுமே, அந்த மாதிரி வண்டி இரண்டு காலில் நிற்கும். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும்படி நாலு வீல் லிவரைப் போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் சுற்றுவது அந்தரத்தில் உள்ள இரண்டும்தான். தரையில் அழுந்தி நிற்கிற மற்ற இரண்டும் அசையாது. இன்ஜின் கத்தும், கிளச் மணக்கும், வண்டி அங்கேயே நிற்கும். பின்னால் ஏறியிருக்கிற பையன்கள் தூக்கிய மூலையில் போய்த் தொங்கி, டயரைத் தரையில் தொட வைத்த பிறகுதான் நகரும். இருபது வருடமாக நாங்கள் அந்தக் கானைக் கடந்தது இப்படித்தான்.

நுகத்தடி

பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்க, பிடி இல்லாத சக்கரம் ஏன் சுற்றுகிறது? டிஃப் பலவீனமான சக்கரத்துக்குத்தான் சக்தியை அனுப்பும் என்று கராஜில் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். அது சரியில்லை. திறந்த டிஃப், அதாவது பூட்டாத டிஃப், யாருக்கும் கூட்டிக் குறைத்துக் கொடுப்பதில்லை. இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கிறது. அந்த நேர்மையால்தான் அது மாட்டிக்கொள்கிறது.

மாட்டு வண்டியின் நுகத்தடியை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஏர்க்காலோடு கட்டு, இரண்டு முனையில் இரண்டு மாடு. ஒரு மாடு இழுக்காமல் நின்றுவிட்டால் மற்ற மாடு எவ்வளவு பலசாலியானாலும் அதன் இழுப்பு வண்டிக்கு வந்து சேராது. நுகத்தடி சாய்ந்து திரும்பும், அவ்வளவுதான். டிஃப்புக்குள் இருக்கிற சின்னப் பல்சக்கரங்கள் அந்த நுகத்தடி வேலையைத்தான் பார்க்கின்றன. அந்தரத்தில் நிற்கிற டயரைச் சுற்ற எவ்வளவு விசை தேவை? விரலால் தள்ளினாலே சுற்றும். அந்த விரல் அளவு விசைதான் மறுபக்கத்துக்கும் போகும். அரிசியும் மரக்கறியும் ஏற்றிய வண்டியை அது நகர்த்துமா?

சரி, அப்படியானால் எதற்கு டிஃப் என்று ஒன்று? இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் என்ன? அதற்கு நம்முடைய வளைவுகளே பதில். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் ஓட வேண்டும். வந்த திசைக்கே முகம் திருப்பும் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்றால், வெளிச் சக்கரம் ஏறத்தாழ 4.7 மீட்டர் கூடுதலாக ஓடும். வளைவு சின்னதோ பெரியதோ கணக்கு மாறாது. அரை வட்டத்துக்கு இடைவெளியை 3.14ஆல் பெருக்க வேண்டியதுதான். இதை முதன்முதல் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் ‘18 வளைவு’ ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சக்கரம் மற்றதற்கு இப்படி மீட்டர் கணக்கில் விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறது. 1820களின் இறுதியில் பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கேர் என்பவர் ஒரு நீராவி வண்டிக்காக இந்தப் பல்சக்கர ஏற்பாட்டைச் செய்தார். ஏறக்குறைய இருநூறு வருடமாகியும் அடிப்படை மாறவில்லை. விட்டுக்கொடுக்காத அச்சோடு வளைவுக்குப் போனால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்து சறுக்கியே ஆக வேண்டும், அல்லது வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். எங்கள் ரோட்டில் நேரே என்றால் பள்ளம்.

லொக் என்பது அந்த விட்டுக்கொடுப்பை நிறுத்துவது. நான் வாங்கியது காற்றால் வேலை செய்கிற வகை. பானெட்டுக்குள் ஒரு சின்ன கம்ப்ரஸர், அதிலிருந்து டிஃப் வரைக்கும் விரலைவிட மெல்லிய குழாய், டாஷ்போர்டில் ஒரு சுவிச். சுவிச்சைப் போட்டால் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ளும். ஒரு பக்கப் பல்சக்கரம் டிஃப் கூட்டோடு பிணைந்துவிடும். ஒரு பக்கத்தைப் பிணைத்தால் போதும், சின்னப் பல்சக்கரங்கள் உருள முடியாமல் மறுபக்கமும் தானாகவே பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரண்டு டயரும் ஒரே வேகம். ஒன்று அந்தரத்தில் நின்றாலும் மற்றது தன் பிடிக்கு ஏற்ற விசை முழுவதையும் தரையில் காட்டலாம்.

இடையில் ஒரு விஷயம். டிஃபென்டர் நண்பர் “லொக்” என்று பெருமையாகச் சொன்ன லிவர், நடு டிஃப்பைப் பூட்டுவது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி செய்யும். ஒரு அச்சில் இடம் வலம் இரண்டையும் அது பூட்டாது. எங்கள் டபள் கேப் மாதிரியான வண்டிகளில் நாலு வீல் லிவரைப் போட்ட உடனேயே நடந்துவிடுகிற காரியம்தான் அது. அந்தச் சாய்ந்த கானில் அவர் வண்டியும் எங்கள் வண்டியைப் போலத்தான் நிற்கும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கவலைதான் வந்தது. ‘லொக்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஆளுக்கு ஒரு சாமானை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை மலை ஏறுகிறோம்! வண்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து எந்த லொக் என்று கேளுங்கள்: நடுவா, பின்னா, முன்னா.

வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு புது வண்டி என்பது எங்களைப் போன்றவர்களுக்கு யோசிக்கவே முடியாத விலையாகிவிட்டது. இருக்கிற வண்டியைச் செம்மைப்படுத்துவதுதான் ஒரே வழி என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இரண்டு போகத்து லீக்ஸ் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூட்டிய அன்று கானில் போய் நிறுத்தினேன். முன் இடது தொங்கியது, பின் வலது தூக்கியது. சுவிச்சைப் போட்டேன். அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறிப் போய்விட்டது. பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். அம்மா கூட, “பரவால்லயே” என்றார்.

அன்றிலிருந்து நான் செய்ததைச் சொல்கிறேன். மழை நாளில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பிய உடனே சுவிச்சைப் போட்டுவிடுவேன், வீடு வரைக்கும் எடுக்க மாட்டேன். வளைவுகளில் ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கும், டயர் சேற்றில் அரைபடும் சத்தம் கேட்கும். பரவாயில்லை, பூட்டி இருக்கிறது, பாதுகாப்பு என்று நினைத்துக்கொள்வேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்குகிறவனின் நிம்மதி எனக்கு.

நவம்பர் மாலை

ஊவாப் பக்கத்து ஐப்பசி கார்த்திகை மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலையில் நல்ல வெயில், இரண்டு மணிக்கு மேல் வானம் உடைத்துக்கொண்டு கொட்டும். அன்றைக்குச் சம்பளம் போட்ட கிழமை. அப்புத்தளையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தோம். முன்னால் அம்மா, பின் சீட்டில் பக்கத்து லயத்து அக்கா ஒருவரும் அவர் மகளும், பின்னால் அரிசியும் மாவும். கானை வழக்கம்போலக் கடந்தாயிற்று. வளைவையும் சுற்றியாயிற்று. அதற்கடுத்த முப்பது மீட்டர் போன வருட மழையில் ஒரு பக்கம் அமுங்கி, பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிற துண்டு. கல்லின் மேல் செங்களி படிந்து, அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டில் நான் அக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான். வண்டி முன்னால் போகவில்லை. பின்பக்கம் மட்டும், யாரோ தோளைப் பிடித்து மெதுவாகத் தள்ளுவது மாதிரி, வலது பக்கம் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. சத்தமே இல்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. டயர் கத்தவில்லை, இன்ஜின் உறுமவில்லை. முன் கண்ணாடியில் தெரிந்த மலைச்சுவர் மட்டும் மெல்ல இடது பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தது. காலை எடுத்துவிட்டேன். பிறகும் ஒரு முழம் சறுக்கி, பின்னால் எதிலோ தட்டி நின்றது.

அது ஒரு தேயிலைச் செடி. ஆணிவேர் இறங்கிய பழைய விதைத் தேயிலை, அடிமரம் என் தொடை பருமன். இப்போது நடுகிற, தண்டு வெட்டி வளர்த்த வீ.பீ. கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. அந்த இடத்தில் அது இருந்திருந்தால் வேரோடு வந்திருக்கும். வலது பின் டயரில் பாதி ரோட்டுக்கு வெளியே. அம்மாவையும் அக்காவையும் பிள்ளையையும் மலைப்பக்கக் கதவால் ஒவ்வொருவராக இறக்கினேன். பிள்ளை அழவில்லை, அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம். தோட்டத்து டிராக்டரை 31 வருடம் ஓட்டுகிறவர். கொழுந்து இறக்கிவிட்டு மெஸி ஃபெர்கஸனோடு வந்து சேர இருட்டிவிட்டது. வந்ததும் சங்கிலியை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. டோர்ச்சை அடித்து நாலு டயரையும் சுற்றிப் பார்த்தார். பள்ளத்துப் பக்க டயர்களுக்குக் கட்டை கொடுத்தார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார்.

“இது என்னா தம்பி?”

“லொக் சித்தப்பா.”

“எதுக்கு இப்ப பூட்டிக்கிட்டு நிக்குற? முதல்ல அத எடு. ஒரு காலாவது தரையில நிக்கட்டும்.”

பூட்டை எடுத்தேன். மலைப்பக்க டயர் இரண்டுக்கும் முன்னால் மண்வெட்டியால் ஒரு பிடி ஆழத்துக்குத் தடம் வெட்டினார். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடிக்கச் சொல்லிவிட்டு, முன்னாலிருந்து சங்கிலியால் மிக மெதுவாக இழுத்தார். வண்டி வந்துவிட்டது. அரிசி மூட்டைகூட நனையவில்லை.

ஒரு கொத்து அரிசி

‘ஒரு காலாவது தரையில நிக்கட்டும்.’ இரவு முழுக்க இந்த வாக்கியம் தூங்கவிடவில்லை. பூட்டினால்தானே இரண்டு காலும் வேலை செய்யும்? எடுத்தால் எப்படி ஒரு கால் தரையில் நிற்கும்?

டயருக்குத் தரையில் கிடைக்கிற பிடி, அளந்து போட்ட ஒரு கொத்து அரிசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தள்ளுவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், பக்கவாட்டில் சறுக்காமல் நிற்பதற்கும் அதிலிருந்துதான். டயர் சுழல ஆரம்பித்துவிட்டால் கொத்து முழுவதும் அந்தச் சுழற்சிக்கே போய்விடும். பக்கவாட்டுக்கு மிச்சம் ஏதும் இருக்காது. திறந்த டிஃப்பில் ஒரு டயர் சுழன்றால் மற்றதற்கு அந்தச் சொற்ப விசைதான் போகிறது. அதனால் அது சுழலாமல், தன் அரிசி முழுவதையும் பக்கவாட்டுக்கு வைத்துக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்கிறது. வண்டி முன்னால் போகாமல் நிற்கலாம், ஆனால் பள்ளத்துக்கும் போகாது. பூட்டிய டிஃப்பில் சுழன்றால் இரண்டும் சேர்ந்தே சுழலும். இரண்டு கொத்தும் ஒரே நேரத்தில் காலி. அப்போது பின்பக்கத்துக்குத் தெரிந்த ஒரே திசை சரிவு.

இருபது வருடமாக அந்தச் சாய்ந்த துண்டுகளில் எங்கள் வண்டி நின்று நின்று கத்தியதே தவிர ஒரு நாளும் பள்ளத்துக்கு நகரவில்லை. எந்தக் குணத்தை நான் குறை என்று நினைத்துக் காசு கொடுத்து மாற்றினேனோ, அதுதான் இத்தனை காலம் எங்களைத் தாங்கியிருக்கிறது. இது விளங்கியபோது நேரம் விடியற்காலம் மூன்று மணி இருக்கும். எழுந்து போய் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

லொக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கானில் டயர் அந்தரத்தில் நிற்கும்போது அதுதான் சரி. அந்த இடத்தில் ரோடு பக்கவாட்டில் சாயவில்லை, தேவை முன்னால் போவது மட்டும். முப்பது மீட்டர் தள்ளி, அதே மழையில், அதே சேற்றில், அதே பூட்டு ஆளைக் கொல்லும். எங்கள் ரோடுகளின் சிக்கல் இதுதான். ரோடு இல்லாத இடத்தில் ஓட்டிப் பழகிய மற்ற வண்டிக்காரர்களின் காணொளிகளில் அகன்ற மணல்வெளியும் பாறைச் சமதரையும் பார்க்கிறோம். அங்கே பின்பக்கம் இரண்டு முழம் விலகினால் இரண்டு முழம் விலகியதுதான். எங்களுக்கு ஒரு பக்கம் கான், மறுபக்கம் வானம்.

மற்ற வழிகளையும் யோசித்துப் பார்த்தேன். எல்.எஸ்.டி. என்ற பாதிப் பூட்டு பல ஜப்பான் வண்டிகளில் பின்னால் வருகிறது; அதற்குரிய எண்ணெயே ஊற்ற வேண்டும். ஒரு டயர் முழுக்க அந்தரத்தில் நின்றால் பெரும்பாலான தட்டு வகைகள் தடுமாறும். புது வண்டிகளில் கணினி சுழலும் டயரை மட்டும் பிரேக் பிடிக்கிறது. டிஃப்புக்கு அது ‘இந்தப் பக்கமும் கனம் இருக்கிறது’ என்று காட்டுகிற தந்திரம். கனத்துக்குச் சமமான விசை மறுபக்கமும் போகும். டிராக்டர்காரர்கள் வயலில் இடம் வலம் தனித்தனிப் பிரேக்கால் எப்போதோ செய்ததுதான். ரோட்டில் அந்த இரண்டு மிதியையும் கொளுவி ஒன்றாக்கிவிட வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் ஒரு பக்கம் இழுத்துப் புரட்டிவிடும்.

குதிகால்

மறுநாள் ஞாயிறு. சித்தப்பா வந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கச் சொன்னார். முன் டயர்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியையே தொடவிட்டார். அவர் ஆரம்பத்தில் ஓட்டியது தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர். அதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் பிடிக்காது, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். சரிவில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், ஷாஃப்ட் அசையாவிட்டாலும் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ளது எதிர்ப்பக்கம் உருளும். வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிப் போய்விடும். டிஃப்பைப் பற்றி அவர் முதலில் படித்த பாடம் அதுவாம்.

கியரில் போட்டுவிட்டு இடது சக்கரத்தைக் கையால் முன்னே தள்ளினார். வலது சக்கரம் பின்னே சுற்றியது. காய்ந்த செங்களி செதில் செதிலாக உதிர்ந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி எதிரே. சுவிச்சைப் போடச் சொன்னார். ‘டக்.’ இப்போது இரண்டு கையாலும் தள்ளினார், அசையவில்லை. “இப்ப இது ரெண்டும் ஒண்ணு. ஒண்ணு வழுக்குனா ரெண்டும் வழுக்கும்” என்றார். நான் இரவு மூன்று மணிக்குக் கண்டுபிடித்ததை அவர் 31 வருடமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

அப்புறம் டிராக்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வலது காலை வைக்கிற இடத்துக்குப் பின்னால், கீழே, ஒரு சின்ன மிதி. எத்தனையோ தடவை அந்த டிராக்டரில் ஏறியிருக்கிறேன், அதைக் கவனித்ததே இல்லை. மற்ற மிதிகளில் வரி வரியாக இருக்கிற இரும்பு, இதில் குதிகால் படும் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. டிஃப் லொக். கம்பூட்ஸின் குதிகாலால் அழுத்தினால் பூட்டும். பிடி கிடைத்து இரண்டு சக்கரத்துக்கும் பளு சமமானதும், குதிகாலை எடுத்தால் ஸ்பிரிங் தானாகத் தள்ளிவிடும். முரண்டு பிடித்தால் கிளச்சை ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.

“இதுல மறந்து போறதுக்கு இடமில்ல தம்பி. கால் வலிக்கிற வரைக்கும்தான் பூட்டு.”

நான் அந்த மிதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் ஒரே பூட்டுத்தான். என்னுடையதை ஒரு தடவை தட்டினால் நான் மறந்தாலும் அது பூட்டிக்கொண்டே இருக்கும். அவருடையது அவர் பிடித்திருக்கும் வரைக்கும்தான் இருக்கும். பூட்டுவது ஒரு முடிவு. ஒவ்வொரு நொடியும் அந்த முடிவை அவர் காலால் மறுபடி எடுத்துக்கொண்டே இருக்கிறார். என் சுவிச் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

அடுத்த கிழமை பண்டாரவளைக்குப் போய் ஒரு ஹோர்ன் பொத்தானும் ரிலேயும் வாங்கி வந்தேன். கராஜ் பாஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சுவிச்தானே வைக்கிறார்கள் என்றார். விளக்கிச் சொன்னதும் அவரே ஆர்வமாகி, கியர் லிவரின் தலையில் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரிப் பூட்டித் தந்தார். அழுத்திப் பிடித்தால் வால்வு திறந்து காற்று போகும். விட்டால் காற்று வெளியேறி ஸ்பிரிங் பூட்டைக் கழற்றும். அச்சில் முறுக்கு ஏறியிருந்தால் கழற ஒரு விநாடி தாமதமாகும், அக்சிலேட்டரைத் தளர்த்தினால் வந்துவிடும். பழைய சுவிச் இருந்த ஓட்டையை ஒரு ரப்பரால் அடைத்தாயிற்று.

கானில் இறங்கும்போது அழுத்துகிறேன். பின் டயர் கரை ஏறியதும் விரல் விடுகிறது. வளைவுக்கு வரும்போது ஸ்டியரிங் கையில் பஞ்சாக இருக்கிறது. சாய்ந்த துண்டில் முதல் கியரில், அக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமல், மலைப்பக்கத் தடத்தில் போகிறேன். போக முடியாத அளவு மழை என்றால் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுச் சாமானைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கிறோம்.

கொழும்பு நண்பருக்கு இதையெல்லாம் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னேன். நீண்ட நேரம் கேட்டார். கடைசியில், “அப்ப அந்தக் கானுக்கு ஒரு குழாய் போட்டா என்ன?” என்றார். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. லொக்குக்குக் கொடுத்த காசை அப்போதுதான் குழாயாக எண்ணிப் பார்த்தேன்.

போன மாசியில் மழை விட்டதும் இரண்டு லயத்து ஆட்களும் சேர்ந்து சிரமதானம் வைத்தோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 18 அங்குல ஹியூம் பைப் வாங்கினோம். சித்தப்பாவின் டிராக்டரில்தான் பைப்பும் மணலும் சீமெந்தும் ஏறின. பெண்கள் கல் சுமந்தார்கள், அந்தப் பிள்ளையும் தன் கைக்கு அடங்கிய கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. சீமெந்து இறுகும் வரை ஒரு கிழமை காத்திருந்து, முதல் ஆளாகச் சித்தப்பா கொழுந்து மூட்டைகளோடு டிராக்டரை மேலே ஏற்றினார். நான் பக்கத்தில் நடந்து போனேன். எல்லோரும் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் குதிகாலைப் பார்த்தேன். கானுக்கு நேரே வந்ததும் பழக்கத்தில் அது லேசாகத் தூக்கியது, மிதிக்கு மேலே ஒரு கணம் நின்றது, பிறகு மிதிக்காமலே திரும்பப் போய்த் தட்டில் அமர்ந்தது.